சிரித்த பிறகு கட்டும் தவணை: பேராசையைச் சொல்லும் அவல நகைச்சுவைப் படங்கள்

மும்பையின் செம்பூரிலோ மாட்டுங்காவிலோ தமிழ் நண்பர்கள் சேர்ந்து படம் பார்த்துவிட்டு வெளியே வரும்போது இரண்டு தீர்ப்புகள் தவறாமல் காதில் விழுகின்றன. படத்தில் ஒரு பிணம் கிடந்து, அதைச் சுற்றி நாலு பேர் தடுமாறி ஓடினால் ‘இது டார்க் காமெடி’ என்பது முதல் தீர்ப்பு. பணத்தைச் சுருட்டியவன் கடைசியில் சிறைக்குப் போகாவிட்டால், ‘படத்தில் நியாயமே இல்லை, திருடக் கற்றுக் கொடுக்கிறார்கள்’ என்பது இரண்டாவது. இரண்டும் தவறு. முதல் தவறால் பெரிய நட்டமில்லை. ஒரு பெயர் இடம் மாறி உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். இரண்டாவது தவறு ஒரு வகைப் படத்தையே நமக்கு எட்டாமல் செய்துவிடுகிறது. பேராசையைப் பற்றி மிக நேர்மையாகப் பேசும் படங்கள் அந்த வகையில்தான் இருக்கின்றன என்பதால், இதைப் பொறுமையாக விளக்கத் தோன்றுகிறது.

டார்க் காமெடி என்னும் இவ்வகைப் படங்களைத் தமிழில் அவல நகைச்சுவை என்று எழுதுகிறோம். மரணம், ஏமாற்று, துரோகம், வறுமை என்று சிரிக்கக் கூசும் விஷயங்களை எடுத்துக்கொண்டு, நம்மைச் சிரிக்கவும் வைத்து, பிறகு அந்தச் சிரிப்பே நம்மை உறுத்தும்படி செய்யும் கதை அது. வரையறையின் கடைசிப் பகுதியை மறந்துவிடக் கூடாது. உறுத்தல் இல்லாத இடத்தில் அவலம் இருக்கலாம், நகைச்சுவை இருக்கலாம். அவல நகைச்சுவை இருக்காது.

கணக்குப் பிள்ளையின் குரல்

இந்த வகைக்கு ஒரு பெயரை நிலைநாட்டியவர் பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்த்ரே பிரெத்தோன். 1940இல் அவர் தொகுத்த நூலில் முதல் இடத்தை ஜோனதன் ஸ்விஃப்டுக்குக் கொடுத்தார். ஸ்விஃப்ட் 1729இல் எழுதிய சிறு பிரசுரம் ஒன்றைப் படித்தால் காரணம் புரியும். அயர்லாந்தின் ஏழைகள் தங்கள் குழந்தைகளைப் பணக்காரர் வீட்டுச் சாப்பாட்டுக்கு விற்றுவிட்டால் நாட்டின் வறுமை தீர்ந்துவிடும் என்று அது யோசனை சொல்கிறது. கொழுத்த குழந்தை ஒன்றுக்குப் பத்து ஷில்லிங் தரலாம் என்று விலையும் போடுகிறது. பெற்றோர்களை நிலப்பிரபுக்கள் ஏற்கெனவே விழுங்கிவிட்டதால் பிள்ளைகள் மீதும் அவர்களுக்கே முதல் உரிமை என்கிறது.

அந்தப் பிரசுரத்தில் கோபம் வெளியே தெரிவதே இல்லை. வரவு செலவு பார்க்கும் கணக்குப் பிள்ளையின் நிதானமான குரலில் அது பேசுகிறது. கொடூரமான காரியம், மிகவும் பொறுப்பான பேச்சு: இந்தப் பொருத்தமின்மைதான் அவல நகைச்சுவையின் முதல் கருவி. பேராசைக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. ‘நான் பேராசைப்படுகிறேன்’ என்று யாரும் சொல்வதில்லை அல்லவா? பிள்ளைகளின் படிப்பு, நாளைய பாதுகாப்பு, எல்லோரும் செய்வதுதானே என்ற சமாதானம் என்று பேராசை எப்போதும் நியாயமான வார்த்தைகளில்தான் பேசுகிறது.

சிரிக்க ஏன் தூரம் வேண்டும்

சிரிப்பு எதிலிருந்து பிறக்கிறது என்று தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் நான்கு காரணங்களைச் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளல் என்பது பிறரை இகழ்ந்து சிரிப்பது. பேதைமை, மடன் இரண்டும் அறியாமையின் வகைகள். மெய்ப்பாடு என்றால் உள்ளத்து உணர்ச்சி உடலில் தெரிவது என்று மட்டும் இங்கே வைத்துக்கொள்வோம். பேராசைக்காரனைப் பார்த்து நாம் சிரிக்கும்போது அவனுடைய அறியாமை தெரிகிறது. நாம் அவனை எள்ளுகிறோம். அவன் அங்கே, நாம் இங்கே.

இந்த ‘அங்கே, இங்கே’தான் தூரம். பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ஆன்றி பெர்க்சன் 1900இல் வெளியிட்ட சிரிப்பைப் பற்றிய நூலில், சிரிப்பதற்கு இதயம் சற்று நேரம் மரத்துப் போக வேண்டும் என்ற கருத்தைச் சொன்னார். விழுந்தவரின் வலி நமக்கு வலித்துவிட்டால் சிரிப்பு வராது. சாதாரண நகைச்சுவைப் படம் இந்தத் தூரத்தைக் கடைசிவரை காப்பாற்றிக் கொடுக்கும். அவல நகைச்சுவை முதலில் தூரத்தைக் கொடுக்கும். நாம் சௌகரியமாகச் சாய்ந்து உட்கார்ந்த பிறகு அதைச் சுருக்கத் தொடங்கும்.

இதை விளக்க ஏலச் சீட்டைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. தாராவியிலும் மாட்டுங்காவிலும் இதைத் தெரியாத தமிழ்க் குடும்பம் குறைவு. இருபது பேர் மாதம் 5,000 ரூபாய் கட்டும் ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டில், அவசரக்காரர் இரண்டாம் மாதமே 25,000 தள்ளி 75,000 எடுத்துக்கொள்கிறார். அன்றைக்குக் கை நிறையப் பணம், வீட்டில் மகிழ்ச்சி. பிறகு பதினெட்டு மாதத் தவணை காத்திருக்கிறது. தள்ளிய பணம் திரும்பி வரப்போவதும் இல்லை. அவல நகைச்சுவையில் நாம் எடுக்கும் சீட்டு சிரிப்பு. முன்னாலேயே எடுத்துவிடுகிறோம். தவணை இடைவேளைக்குப் பிறகு வருகிறது.

இதுவரை பார்த்தது இரண்டு விஷயம். கொடூரத்தைப் பொறுப்பான மொழியில் பேசுவதால் சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்புக்குத் தேவையான தூரத்தைப் படமே பின்னால் பறித்துக்கொள்கிறது. அது எப்படி நடக்கிறது என்பதை ஒரு கதையை வைத்துப் பார்க்கலாம்.

ரயிலில் கிடைத்த துணிப்பை

இந்தக் கதை விளக்கத்துக்காக உருவாக்கியது. டோம்பிவிலியில் குடியிருக்கும் நான்கு தமிழ் நண்பர்கள். பல ஆண்டுகளாக ஒரே லோக்கல் ரயில், ஒரே பெட்டி; முதலில் ஏறுபவர் மற்ற மூவருக்கும் இடம் பிடித்து வைப்பார். ஓர் இரவு வீடு திரும்பும்போது சாமான் தட்டில் கேட்பாரற்ற துணிப்பை ஒன்று இருக்கிறது. உள்ளே 500 ரூபாய்க் கட்டுகள்.

காலையில் ரயில்வே போலீசில் ஒப்படைத்துவிடுவது என்று முதலில் முடிவு செய்கிறார்கள். இந்த நேரத்தில் யார் பொறுப்பாக வாங்கி வைப்பார்கள்? நியாயம்தான். பார்க்கும் நாமும் தலையாட்டுகிறோம். அடுத்து, எண்ணிவிடலாம் என்கிறார் ஒருவர். தொகை தெரியாமல் கொடுத்து, நடுவில் யாராவது உருவிவிட்டால்? இதுவும் நியாயம்தான். ஒருவர் வீட்டுச் சமையலறையில் செய்தித்தாள் விரித்து, விரல் நனைக்கக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்து எண்ணுகிறார்கள். வீட்டுக்கார அம்மா எதுவும் கேட்காமல் காபி கலந்து தருகிறார். 845 நோட்டு, 4,22,500 ரூபாய்.

அப்போது ஒருவருக்கு மகளின் கல்லூரிக் கட்டணம் நினைவுக்கு வருகிறது. கெடு நாளையோடு முடிகிறது. கைமாற்றாக எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். தொகையைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டுப் பைக்குள்ளேயே வைக்கிறார். கடன் கொடுத்தவர் யாரென்று யாருக்கும் தெரியாது, ஆனாலும் பத்திரம் ஒழுங்காக இருக்கிறது. ஒருவருக்குக் கைமாற்று என்றால் மற்ற மூவருக்கும் ஏன் கூடாது? தலைக்கு 211 நோட்டு பிரிக்கிறார்கள். ஒன்று மிஞ்சுகிறது. அந்த ஒற்றை நோட்டை என்ன செய்வது என்பதில் அரை மணி நேர விவாதம். யாரும் அதை எடுத்துக்கொள்ள விரும்பவில்லை, அநியாயமாக இருக்குமாம். முருகன் கோயில் உண்டியலில் போட்டுவிடலாம் என்று ஏகமனதாக முடிவாகிறது.

இங்கே அரங்கம் வெடித்துச் சிரிக்கும். சிரிக்கட்டும், ஆனால் அந்த உண்டியல் நோட்டை உற்றுப் பார்க்க வேண்டும். அதற்கு முன்பு நடந்தது தடுமாற்றம். உண்டியல் முடிவோடு அது தீர்மானம் ஆகிவிடுகிறது. 844 நோட்டுகளைத் திருடிவிட்ட மனசாட்சிக்கு ஒரு நோட்டு ரசீது கொடுத்துவிட்டது. தவறு செய்பவர்கள் தங்களை நல்லவர்களாகவே உணர்ந்துகொண்டிருக்கும் கணம் இது; திறமையான இயக்குநர்கள் கேமராவைக் கொண்டுபோய் நிறுத்தும் இடமும் இதுதான்.

இரண்டு நாள் கழித்து பிளாட்பாரத் தூண்களில் கையால் எழுதிய காகிதங்கள்: பை தொலைந்துவிட்டது, கண்டவர்கள் அழைக்கவும். நால்வரில் ஒருவர் அவற்றைக் கிழித்து மடித்து வைத்துக்கொள்கிறார். பையைத் தொலைத்த பெரியவரின் எண் பொது இடத்தில் கிடந்தால் மோசடிக்காரர்கள் தொல்லை கொடுப்பார்களே என்ற அக்கறை. பிறகு அந்தப் பெரியவரையே சந்திக்கிறார். சமையல் காண்ட்ராக்டர் ஒருவரிடம் கணக்கு எழுதுபவர். மளிகைக் கடைக்குச் செலுத்த எடுத்துப் போன கல்யாண முன்பணம் அது. நண்பர் அவரை பெஞ்சில் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, போலீசுக்குப் புகார் மனுவை மராத்தியில் தன் கையாலேயே எழுதித் தருகிறார். ‘பை என்ன நிறம் ஐயா?’ என்று பேனாவை நிறுத்திக் கேட்கிறார். திருடியவரே தன் மீது புகார் எழுதும் இந்த இடத்தில் சிரிப்பு உச்சத்துக்குப் போகும்.

அப்போது பெரியவர் சொல்கிறார்: ‘நான்தான் எடுத்திருப்பேன் என்று முதலாளி நினைக்கிறார், தம்பி. நான் சொன்னதை நம்பி உட்காரச் சொன்னது நீங்கள் ஒருவர்தான்.’

சிரிப்பு நின்றுவிடும்.

உடந்தை

ஏன் நிற்கிறது? பெரியவர் வந்ததால் மட்டும் அல்ல. நண்பர்கள் எடுத்த ஒவ்வொரு முடிவுக்கும் நாம் தலையாட்டியிருக்கிறோம். அவர்களுடைய சமாதானங்களை ரசித்திருக்கிறோம். புகார் எழுதும் காட்சியில், பிடிபட்டுவிடக் கூடாதே என்று அவருக்காகக் கொஞ்சம் பதறியும் இருக்கிறோம். இதைத்தான் உடந்தை என்கிறேன்: தவறைச் செய்யாமலேயே, அது வெற்றி பெற வேண்டும் என்று விரும்பத் தொடங்கிவிடுவது. அவல நகைச்சுவையின் உண்மையான இயந்திரம் இது. நாம் எள்ளிச் சிரித்தவரின் பக்கத்தில் நம்மையும் உட்கார வைத்துவிடுகிறது.

தொல்காப்பியம் நகைக்கும் அழுகைக்கும் அடுத்ததாக இளிவரல் என்ற மெய்ப்பாட்டைச் சொல்கிறது. இழிவு கண்டு உள்ளம் சுருங்குவது. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகிய நான்கிலிருந்து அது பிறக்குமாம். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரியவரிடம் மூப்பும் வருத்தமும் மென்மையும் இருக்கின்றன. நகையாகத் தொடங்கியது இளிவரலாகத் திரும்புகிறது. திரும்பும்போது சுருங்குவது நம் உள்ளம்.

தண்டனை வேறு, விலை வேறு

இப்போது இரண்டாவது தீர்ப்புக்கு வரலாம். கதையின் முடிவில் நால்வரும் பிடிபடவில்லை என்று வைத்துக்கொள்வோம். பெரியவர் வேலை போய்த் திருநெல்வேலிக்கே திரும்பிவிடுகிறார். அப்படியானால் தப்பு செய்தவர்கள் எதையும் இழக்கவில்லையா?

தண்டனை வெளியிலிருந்து வருவது: போலீஸ், நீதிமன்றம், சாவு. விலை என்பது ஆசைப்பட்டதை வாங்கும்போதே கையிலிருந்து போய்விடுவது. நால்வரில் ஒருவர் முந்தைய ரயிலுக்கு மாறுகிறார். இன்னொருவர் பஸ்ஸில் போகத் தொடங்குகிறார். ஒவ்வொருவரும் மற்ற மூவருக்குச் சாட்சி ஆகிவிட்டதால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை. இடம் பிடித்து வைக்க யாரும் இல்லை. அந்த நட்பை அவர்கள் தலைக்கு 1,05,500 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள். விற்பனை நடந்தபோது அது அவர்களுக்கே தெரியவில்லை.

‘நடுவின்றி நன்பொருள் வெஃகின் குடிபொன்றிக் குற்றமும் ஆங்கே தரும்’ என்பது வெஃகாமை, அதாவது பிறர் பொருளுக்கு ஆசைப்படாமை, என்ற அதிகாரத்தின் முதல் குறள். குடி அழிவதைச் சொன்ன வள்ளுவர், குற்றத்தையும் தனியாக எண்ணுகிறார். ‘ஆங்கே’ என்ற சொல்லைப் பரிமேலழகர் ‘அப்பொழுதே’ என்று விளக்குகிறார். ஆசைப்பட்ட அந்த நேரத்திலேயே பற்று எழுதப்பட்டுவிடுகிறது.

பழைய கதைகள் பெரும்பாலும் தண்டனையைக் காட்டின. பௌத்த ஜாதகக் கதைகளில் 48ஆவதான வேதப்ப ஜாதகத்தில், வானிலிருந்து மணிகளைப் பொழிய வைக்கும் மந்திரம் தெரிந்த ஓர் அந்தணரை இரண்டு திருடர் கூட்டங்கள் அடுத்தடுத்துப் பிடிக்கின்றன. ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு, ஆயிரம் பேரில் கடைசியாக இருவர் மிஞ்சுகிறார்கள். ஒருவன் வாளோடு புதையலைக் காக்கிறான். மற்றவன் ஊருக்குள் போய்ச் சோறு வாங்கி, அதில் விஷம் கலந்துகொண்டு வருகிறான். வந்தவனைக் காவலிருந்தவன் வெட்டிவிட்டு, அந்தச் சோற்றைத் தின்று சாகிறான். கட்டமைப்பில் அப்பழுக்கில்லாத கதை, பேராசைப் படங்களுக்கெல்லாம் மூதாதை என்றே சொல்வேன். ஆனால் கேட்பவர் நிம்மதியாகத் தூங்கப் போகலாம். கணக்கு அங்கேயே தீர்ந்துவிட்டது. அவல நகைச்சுவை கணக்கைத் தீர்க்காமல் நம்மிடம் கொடுத்து அனுப்புகிறது. ‘நியாயமே இல்லை’ என்று கோபத்தோடு வெளியே வருகிறோமே, அந்தக் கோபம் படத்தின் தோல்வி அல்ல. படம் உண்டாக்க நினைத்தது அதைத்தான்.

சுருக்கமாக: தண்டனை இல்லாத படத்தில் விலை இருக்கலாம். படம் முடிந்ததும் ‘பிடிபட்டார்களா?’ என்பதோடு ‘எதை இழந்தார்கள்?’ என்றும் கேட்டால் போதும், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மும்பையின் சொந்தப் படம்

இதற்கெல்லாம் உதாரணமாக இந்த நகரமே ஒரு படத்தைக் கொடுத்திருக்கிறது. சிமெண்ட் ஒதுக்கீட்டு விவகாரத்தில் மகாராஷ்டிர முதல்வர் பதவி விலகியது 1982 ஜனவரியில். அடுத்த ஆண்டு, 1983இல், குந்தன் ஷா இயக்கிய ‘ஜானே பி தோ யாரோ’ வந்தது. தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் குறைந்த முதலீட்டில் எடுத்த படம். கட்டட அதிபர்களும் மாநகராட்சி அதிகாரிகளும் பத்திரிகைக்காரர்களும் ஒரு நகரத்தை எப்படிப் பங்கு போடுகிறார்கள் என்பது கதை.

நஸீருதீன் ஷாவும் ரவி பாஸ்வானியும் பிழைக்க வழி தேடும் புகைப்படக்காரர்கள். எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது அதில் ஒரு கொலை பதிவாகியிருப்பது தெரிகிறது. கொல்லப்பட்டவர் மாநகராட்சி ஆணையர் டிமெல்லோ. அவருடைய பிணமாக சதீஷ் ஷா படத்தின் பிற்பகுதி முழுக்க உலா வருகிறார். குடிபோதையில் இருக்கும் ஓம் பூரி, சவப்பெட்டியைப் பழுதாகி நிற்கும் கார் என்று நினைத்து, உள்ளே இருக்கும் பிணத்தோடு மரியாதையாகப் பேசி, தன் காரில் கட்டி இழுத்துப் போகிறார். கடைசியில் மகாபாரத நாடக மேடையில் பிணத்துக்குத் திரௌபதி வேடம். அதைக் கைப்பற்ற வந்தவர்கள் எல்லோரும் மேடையேறுகிறார்கள். வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள்.

அந்தச் சிரிப்பின் நடுவே நாம் கவனிக்கத் தவறும் பாத்திரம் பக்தி பர்வே நடித்த பத்திரிகை ஆசிரியர் ஷோபா. ஊழலை அம்பலப்படுத்தக் கிளம்பியவர். கொலைக்கான ஆதாரம் சிக்கியதும் அதை வைத்துக் கட்டட அதிபரிடம் பேரம் பேசத் தொடங்குகிறார். நேர்மையின் பெயரால் வேலை செய்தவர் விலைபோவதைப் படம் எந்த ஓலமும் இல்லாமல் காட்டிவிட்டு நகர்கிறது. முடிவில் பெரிய மனிதர்கள் சமரசம் செய்துகொள்கிறார்கள். படத்தில் இடிந்து விழும் மேம்பாலத்துக்கான பழி இரண்டு புகைப்படக்காரர்கள் மீது விழுகிறது. ‘ஒருநாள் வெல்வோம்’ என்ற நம்பிக்கைப் பாட்டு ஒலிக்க, சிறை உடையில் மும்பைத் தெருவில் நடந்து வந்து, கேமராவைப் பார்த்துக் கழுத்தை அறுப்பது போல் சைகை செய்கிறார்கள். அந்தச் சைகை நம்மைப் பார்த்துச் செய்யப்பட்டது. தவணை வந்து சேரும் இடம் அதுதான்.

எவையெல்லாம் இந்த வகை அல்ல

2002இல் வந்த ‘பஞ்சதந்திரம்’ படத்திலும் பிணம் இருக்கிறது, வைரம் இருக்கிறது, பெங்களூர் ஹோட்டலிலிருந்து தப்பி ஓடும் நண்பர்கள் இருக்கிறார்கள். ஆனால் இறந்ததாக நினைத்த பெண் உயிரோடு வந்துவிடுகிறார். யாருக்கும் எந்த விலையும் இல்லை. அது அருமையான குழப்ப நகைச்சுவை, தூரத்தைக் கடைசிவரை காக்கும் படம். அதை டார்க் காமெடி என்றால் அந்தப் படத்துக்கும் பெருமை இல்லை, அந்த வகைக்கும் பயன் இல்லை.

அங்கதமும் வேறு. பிறரின் குறையை நகைப்பின் வழியாகக் கண்டிப்பது அங்கதம். ‘தேவர் அனையர் கயவர் அவரும்தாம் மேவன செய்தொழுக லான்’ என்று வள்ளுவர், நினைத்ததையெல்லாம் செய்வதால் கயவர்களும் தேவர்களைப் போன்றவர்கள் என்கிறார். விரல் கயவரை நோக்கி நீள்கிறது. படிப்பவர் பாதுகாப்பாக இருக்கிறார். அவல நகைச்சுவையில் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. பல படங்கள் இரண்டையும் கலந்தே தருகின்றன. கடத்தலுக்கு விதிமுறை வைத்துக்கொண்டு ஒழுங்காகத் தொழில் நடத்தும் ஆட்களைக் காட்டிய ‘சூது கவ்வும்’, 2013இல் தமிழில் அந்தக் கலவையைத் துணிச்சலாகச் செய்த படம்.

பிள்ளைகளோடு பார்க்கலாமா?

பெற்றோர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. தணிக்கை வாரியம் இப்போது யு/ஏ சான்றிதழை 7, 13, 16 வயது என்று பிரித்துத் தருகிறது. அதை ஒரு தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் சான்றிதழ் வன்முறையையும் வசைச் சொற்களையும் பார்க்கிறது, உடந்தையைப் பார்ப்பதில்லை. சிறு பிள்ளைகள் உண்டியல் நோட்டுக்குச் சிரிப்பார்கள். பெரியவர் பேசும்போது சிரிப்பு ஏன் நின்றது என்பது அவர்களுக்குப் பிடிபடாது. பதின்மூன்று வயதுக்குப் பிறகு கூட உட்கார்ந்து பார்ப்பது நல்லது என்பது என் கருத்து. ‘ஜானே பி தோ யாரோ’விலிருந்தே தொடங்கலாம். மகாபாரதக் காட்சி அவர்களுக்கு நிச்சயம் பிடிக்கும். படம் முடிந்ததும், ‘ஒன்றும் செய்யாத இவர்களை ஏன் பிடித்தார்கள்?’ என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல அரை மணி நேரம் ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.